தாரை வார்க்க வந்த ஆளுநர்

கொம்புத்தீவுக்குச் சேதுங்கராயர் என்று ஓர் ஆளுநர் இருந்தார். நல்லவர்தான். ஆனால் உப்புக் கம்பெனி தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார்.

ஒருநாள் மேற்குக் கடற்கரை முழுவதும் தனக்கு வேண்டும் என்றது கம்பெனி. மழைக்காலத்தில் படகுகளை இழுத்துப் போட அந்தத் தீவில் வேறு இடம் கிடையாது. மீனவர் தலைவி சவரியம்மாள் வந்து கெஞ்சினாள். வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்று ஆளுநர் வேறு பக்கம் பார்த்தார். அவருடைய ஆலோசகன் அம்பலவாணன் அவளைத் தனியே அழைத்து, மறுநாள் ஊரோடு கரைக்கு வரச் சொன்னான்.

அந்தத் தீவில் நிலம் கைமாறப் பத்திரம் மட்டும் போதாது. கொடுப்பவர் அந்த மண்ணில் நின்று தண்ணீரைத் தாரை வார்க்க வேண்டும். அப்போது வாங்குகிறவர் தந்த பொருள் எதுவும் அவர் மேல் இருக்கக் கூடாது. இருந்தால் தானம் செல்லாது. இது ஊருக்கே தெரியும். கப்பலில் வந்த கம்பெனி ஏஜெண்டு கனகசுந்தரத்துக்குத் தெரியாது. ஆளுநருக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் ஆளுநர் செம்பைத் தூக்கினார். அம்பலவாணன் குறுக்கே வந்து, கம்பெனியின் தாராள மனசை ஜனங்கள் அறியவில்லை, ஏஜெண்டு ஐயா வாயாலேயே சொன்னால் நல்லது என்றான். ஐயாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆளுநரின் தலைப்பாகை கம்பெனி கொடுத்தது என்றார். அம்பலவாணன் அதை வாங்கி, எல்லாரும் பார்க்கட்டும் என்று மணலில் வைத்தான். பிறகு அங்கி போயிற்று. மோதிரம், செருப்பு, கடைசியில் கையிலிருந்த செம்பும் போயிற்று.

"அந்த வேட்டிகூட எங்கள் ஆலையில் நெய்து நாங்கள் தந்ததுதான்" என்றார் ஏஜெண்டு, பெருமையாக.

ஆளுநர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

சவரியம்மாள் முன்னே வந்தாள். "அதையும் வைத்துவிட்டுத் தாரை வாருங்கள், ஐயா. வழக்கம் வழக்கம்தானே. பெண்கள் நாங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறோம்."

அப்போதுதான் ஆளுநருக்கு வழக்கம் நினைவு வந்தது. ஏஜெண்டு பதறிப்போய், வீட்டிலிருந்து வேறு வேட்டி வரட்டும் என்றார்.

"வீட்டில் இருப்பதும் நீங்கள் தந்ததுதானே" என்றார் ஆளுநர், மெதுவாக.

கரை முழுவதும் சிரித்தது. கொஞ்சம் பொறுத்து ஆளுநரும் சிரித்துவிட்டார். கொடுக்க வழியில்லை என்று ஏஜெண்டைக் கப்பலேற்றினார். படகுகள் கரையிலேயே கிடந்தன.

"என் மானத்தையும் மண்ணையும் காப்பாற்றினாய். என்ன வேண்டுமோ கேள்" என்றார் அம்பலவாணனிடம்.

"இப்போது வேண்டாம், பிரபு" என்றான் அவன். "முதலில் தங்களுக்கென்று ஏதாவது சேரட்டும்."