வலம்புரியா, இடம்புரியா

இந்தக் கதையில் தீர்ப்புச் சொல்லும் உரிமை முதலில் உங்களுக்கு. அதன் பிறகுதான் எனக்கு.

ஒரு கடலோர அரசு ஆபத்துக் காலத்துக்கென்று இரண்டு கப்பல்களை ஒதுக்கி வைத்திருந்தது. புயல் வந்தால் தீவுகளில் இருக்கும் சனங்களை ஏற்றி வர வேண்டும். மற்ற நாட்களில் அவை கழிமுகத்தில் ஒன்றையொன்று உரசியபடி கட்டிக் கிடந்தன. ஒரே தளத்தில் ஒரே வரைபடத்தை வைத்துக் கட்டியவை. பெயர் வலம்புரி, இடம்புரி. வலம்புரிக்குக் காவலர் கஸ்பார், இடம்புரிக்குச் சவரியான். சவரியானின் தங்கை பிலோமியைத்தான் கஸ்பார் கட்டியிருந்தார்.

ஓடாத கப்பலுக்கும் ஒரு வேலை உண்டு. திங்கட்கிழமைதோறும் இயந்திர அறைக்குள் இறங்கி, நீண்ட இரும்புக் கம்பியைச் செருகி, சுழல்தண்டைக் கையால் சுற்றிவிட வேண்டும். சில வாரங்கள் விட்டுவிட்டால் தண்டு இறுகி, கப்பலைக் கிளப்ப முடியாமல் போகும். சுற்றும்போது எழும் முனகல் பக்கத்துக் கப்பல் வரை கேட்கும்.

பெரிய தீவுக்குப் பாலம் வந்தது. இனி ஒரு கப்பல் போதும் என்று அரசு முடிவு செய்தது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று அமைச்சருக்குத் தெரியவில்லை. அவர் அவற்றைப் பார்த்ததே இல்லை. ஆகவே தன் அதிகாரத்தைத் துறைமுக அதிகாரி திலகவதிக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டில் ஒன்றை உபரி என்று அவர் தேர்ந்து, விற்கலாம், கொடுக்கலாம், உடைக்கலாம். நிபந்தனை ஒன்றுதான். வைத்துக்கொள்ளும் கப்பல், கூப்பிட்ட அன்றே கடலுக்குப் போகும் நிலையில் இருக்க வேண்டும். உபரியாகும் கப்பலின் காவலருக்கு வடக்கே தூரத்தில் ஒரு கலங்கரை விளக்கத்தில் வேலை கிடைக்கும்.

சிக்கல் அங்கேதான். சவரியானின் மனைவி ரெஜினாளுக்குச் சிறுநீரகம் பழுது. வாராவாரம் நகரத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். கலங்கரை விளக்கத்துப் பக்கம் அந்த வசதி கிடையாது.

திலகவதி கஸ்பார் வீட்டு மீன்குழம்பைச் சாப்பிட்டவர். ரெஜினாளுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தவர். கப்பலைத் தேர்வதாக எண்ணி ஆட்களைத் தேர்ந்துவிடுவோமோ என்று தன்னைக் கண்டே பயந்தார். இரண்டு காவலர்களையும் கூப்பிட்டு, "நீங்களே பேசி ஒரு பேரச் சொல்லுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

இருவரும் டீக்கடையில் உட்கார்ந்து பேசினார்கள். ஒவ்வொருவரும் தன் கப்பலையே போகச் சொன்னார்.

"என்னோடது கிழவி ஆயிட்டா, மச்சான். கடல்ல இறக்குனா மூச்சு வாங்குவா" என்றார் கஸ்பார்.

"ரெண்டுக்கும் ஒரே வயசு, மாப்ள. இதே மாதிரி பிலோமிய ஒரு வார்த்தை கொறை சொல்லிப் பாரு. அன்னிக்குச் சோறு கெடைக்குதான்னு பாப்போம்."

டீ ஆறியது. பெயர் முடிவாகவில்லை. அதைக் கேட்ட திலகவதி, மழை ஓய்ந்ததும் தானே வந்து இரண்டு தண்டுகளையும் சுற்றச் சொல்லிப் பார்ப்பதாகவும், எது இறுகியிருக்கிறதோ அதுவே உபரி என்றும் சொல்லிவிட்டார்.

கஸ்பாருக்கு வழி கிடைத்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவர் இயந்திர அறைக்குள் இறங்கவில்லை. அது புயல் வரக்கூடிய பருவம்.

முனகல் கேட்காததைச் சவரியான் கவனித்தார். முதல் வாரம், காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தார். மறுவாரம் அதே நேரத்தில் கஸ்பார் மேல்தளத்தில் உட்கார்ந்து, பாட்டை முணுமுணுத்தபடி நகம் வெட்டிக்கொண்டிருந்தார். சவரியானுக்குப் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கஸ்பார் பிலோமியோடு பூசைக்குப் போகும் நேரம் பார்த்து, இரு கப்பல்களுக்கும் இடையே போட்டிருந்த பலகையைக் கடந்து போய், வலம்புரியின் தண்டைச் சுற்றிவிட்டு வந்தார். மறுநாள் தன்னுடையதைச் சுற்றினார்.

மழை ஓய்ந்தது. திலகவதி வந்தார். இடம்புரியின் தண்டு சுழன்றது. பிறகு மூவரும் வலம்புரிக்குள் இறங்கினார்கள். அசையாது என்ற நம்பிக்கையில் கஸ்பார் கம்பியில் தன் முழு பலத்தையும் கொடுத்தார். தண்டு எந்தத் தடையும் இல்லாமல் திரும்பியது. கஸ்பார் தடுமாறிச் சுவரில் சாய்ந்து, சவரியானைப் பார்த்தார்.

"ஏன் மச்சான் இப்படிப் பண்ணுன?"

"நடுவுல புயல் அடிச்சிருந்தா யாரு பதில் சொல்றது, மாப்ள?" என்றார் சவரியான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு கப்பல முடமாக்கித்தான் எம் பொண்டாட்டிக்கு வைத்தியம் பாக்கணுமா?" என்றார்.

மழைக்காலம் முழுக்க அங்கே என்ன நடந்தது என்று திலகவதிக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் மேல்தளத்துக்கு ஏறிவந்தார். ஆணையில், உபரி என்ற இடத்தில், வலம்புரி என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

தேர்வைக் கைமாற்றிவிட்டு, கடைசியில் தானே எழுதியவர் திலகவதி. மச்சானுக்காகத் தண்டை இறுக விட்டவர் கஸ்பார். தனக்கே பாதகமாக அதைச் சுற்றிவிட்டவர் சவரியான். இந்த மூவரில் யார் செய்தது சரி?

என் தீர்ப்பு இது. சரியாகச் செய்தவர் சவரியான். திலகவதி, தன்னிடம் நம்பிக் கொடுக்கப்பட்டதை முதலில் காவலர்களிடமும் பிறகு ஓர் இரும்புத் தண்டிடமும் தள்ளிவிட்டார். கஸ்பாரின் மனம் நல்லது. ஆனால் அவர் பணயம் வைத்தது, புயலில் காத்திருக்கப் போகிறவர்களின் உயிரை. வலம்புரி இறுகிப்போயிருந்தால் அங்கே தேர்வே நடந்திருக்காது. தேர்வு என்ற பெயரில் ஒரு பொய்தான் நடந்திருக்கும். இரண்டும் சுழன்றதால், எதை வைத்துக்கொண்டாலும் நிபந்தனை நிறைவேறும் என்றானது. அந்த நிலையில்தான் ஓர் அதிகாரி குற்ற உணர்வில்லாமல் ஒரு நோயாளியை நினைத்துப் பார்க்க முடியும். கடைசியில் திலகவதி செய்ததும் அதனால்தான் சரியாயிற்று. ஓடக்கூடிய கப்பல் என்பதால் வலம்புரியை உடைக்காமல் வேறொரு துறைமுகத்துக்குக் கொடுக்கவும் முடிந்தது. ஆக, கஸ்பார் ஆசைப்பட்டதுதான் நடந்தது. அதை நடத்திக் கொடுத்தவர், அது நடக்கக் கூடாது என்று ஞாயிறுதோறும் பலகையைக் கடந்து போனவர்.