இல்லாத மாத்திரை

ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பெருக்குபவள் மாடத்தி. தேதி முடிந்த வலிப்பு மாத்திரை இரண்டு மூட்டையை அவள் பக்கம் தள்ளி, "மேலதிகாரி வர்றதுக்குள்ள கிணத்துல கொட்டு," என்றார் பெரிய டாக்டர்.

"ஊரே குடிக்கிற தண்ணிங்கய்யா. கிடங்குக்குத் திருப்பி அனுப்பணும்னு பயிற்சியில சொன்னாங்களே."

"பெருக்க வந்தவ பெருக்கு. எனக்குப் பாடம் எடுக்காத."

அதிகாரி வந்தபோது மூட்டைகள் வாசலிலேயே கிடந்தன.

"மாத்திரையை அப்புறப்படுத்தச் சொன்னேன் சார், இவ சோம்பேறி," என்று முந்திக்கொண்டார் டாக்டர்.

மாடத்தி மடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். "இல்லாத மாத்திரையை எப்படிங்கய்யா கொட்டுறது? வருசம் பூரா எல்லாருக்கும் 'மாத்திரை இருப்பு இல்லை'ன்னுதானே எழுதிக் குடுத்தாரு. இது என் வீட்டுக்காரருக்கு எழுதினது."

அதிகாரி சீட்டைப் படித்தார். "அவர் இப்ப எப்படி இருக்கார்?"

"இந்த மாத்திரைக்குத் தேதி முடிய ரெண்டு மாசம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துட்டாருங்கய்யா."