இரண்டு குடுவை, ஒரு பாட்டில்

"மேடம், பன்னிரண்டு தடவை சோதிச்சாச்சு. பன்னிரண்டு தடவையும் என் மருந்துல மார்புப் புற்றுநோய் செல் செத்துச்சு. இன்னும் ஏன் ஆய்வேட்டுல கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க?"

கேட்டவள் ஜெபசீலி. வயது நாற்பத்திரண்டு. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே நாலு வருஷமாக ஆராய்ச்சி. இந்த மாதம் பட்டம் வராவிட்டால் வேலை போய்விடும்.

வழிகாட்டி மெஹருன்னிசா அவளைவிடப் பத்து வயது சின்னவள்.

"சீலிக்கா, அது மார்புச் செல்லுன்னு யார் சொன்னா?"

"குடுவைமேல எழுதியிருக்கே."

"எழுதினது?"

"நான்தான்."

"செல்லுக்கு வாசிக்கத் தெரியுமா?"

மெஹருன்னிசா ஒரு தாளை நீட்டினாள். அந்தச் செல்லின் அடையாளச் சோதனை முடிவு.

சீலி வாசித்தாள். மார்பு இல்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல். குடுவை முழுக்க அதுதான்.

"அது பக்கத்துக் குடுவை மேடம்! இதுக்குள்ள எப்படி வந்துச்சு?"

"ரெண்டுக்கும் எப்படிச் சாப்பாடு ஊத்துனீங்க?"

சீலி மேசைமேல் இருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

செல்லுக்கு ஊற்றும் சத்துநீரான மீடியம் ஒரே பாட்டில். அதை உறிஞ்சி ஊற்றும் பிப்பெட்டும் ஒன்றே. தினமும் அரை மணி நேரம் மிச்சம். ஒரு சொட்டில் தாவி வந்த கருப்பைவாய்ச் செல், வேகமாக வளர்ந்து மார்புச் செல்லை ஒழித்துவிட்டது.

"இது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும் மேடம்."

சொன்ன குரல் சீலிக்கே பிடிக்கவில்லை.

மெஹருன்னிசா ஆய்வேட்டை இழுத்தாள். கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள். பேனாவை சீலியிடம் கொடுத்தாள்.

"கீழ மார்புப் புற்றுநோய் வார்டு இருக்கு. மருந்து முதல்ல யாருக்குன்னு என் கையெழுத்துக்குக் கீழ ஒரு பேர் எழுதுங்க."

லிஃப்டில் தினமும் ஒருத்தி கேட்பாள். தலையில் முடி இருக்காது. "டீச்சர், உங்க மருந்து ரெடியா? நான் ரெடி." பெயர் செண்பகவடிவு.

சீலி 'செ' என்று எழுதினாள்.

நிறுத்தினாள்.

அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். எழுந்து போய் எல்லாக் குடுவையிலும் பிளீச்சிங் தண்ணீரை ஊற்றினாள். ஒன்றுகூட விடவில்லை.

"புது செல் எப்ப வரும்?"

"போன வாரமே வந்தாச்சுக்கா."

"வேலை போயிடும் மேடம்."

"போகும்."

சீலி கையுறையை மாட்டினாள்.

"மீடியம் ரெண்டு பாட்டில் எடுங்க."