வராத பிள்ளையின் வீடு

மலையடிவாரத்து மடத்தில் சாமி ஒருவர் இருந்தார். அவருக்கு வயது நாற்பத்தைந்து. அவரிடம் சீடராக வந்த ஆவுடையப்பனுக்கு அறுபத்திரண்டு. அதனால் சாமி அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டார். ஆவுடையப்பன் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் சாமி மாற்றிக்கொள்ளவில்லை.

ஆவுடையப்பன் காவி கேட்டு வந்தவர். வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. சாமி இன்னும் காவி கொடுக்கவில்லை. தண்ணீர் இறைக்கச் சொன்னார், கீரை உருவச் சொன்னார்.

ஆவுடையப்பனிடம் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. யாராவது அவர் பெயரைச் சொல்லத் தொடங்கினால், முடிப்பதற்குள் எழுந்துவிடுவார். குளிக்கும்போது கூப்பிட்டாலும் சோப்பு நுரையோடு வந்து நிற்பார். மடத்தில் சமைக்கும் முப்பிடாதிக்கு இது பெரிய வேடிக்கை.

"ஆவுடை..." என்பாள்.

"இந்தா வந்துட்டேன்."

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இன்னைக்காவது பேரை முழுசாச் சொல்ல விடுதீங்களான்னு பாத்தேன்."

ஒரு நாள் காலை சாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கீரையை உருவிக்கிட்டே கேளுங்க."

"ஒருத்தங்க நம்மளைக் கூப்பிடுதாங்க. நாம பதில் சொல்லலை. அவங்க போய்ச் சேந்துட்டாங்க. அந்தப் பதிலை இனி எங்க போய்ச் சொல்ல? காவி கட்டினாலாவது அந்தக் குரல் நிக்குமா?"

"கூப்பிட்டது யாரு?"

"எங்க அத்தை. உலகம்மாள் டீச்சர்."

சாமி ஒரு கொத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஆவுடையப்பன் உருவிக்கொண்டே சொன்னார்.

"எனக்கு அம்மா கிடையாது. அப்பாவோட அக்காதான் வளத்தாங்க. ஒண்ணாங்கிளாஸுக்கும் அவங்கதான் டீச்சர். முத நாள் என் பேரைக் கூப்பிட்டாங்க. நான் 'என்ன அத்தை'ன்னேன். கிளாஸே சிரிச்சுது. அவங்க சிரிக்கலை. மறுபடி கூப்பிட்டாங்க. பக்கத்துல இருந்த செல்லையா காதுல சொல்லிக்கொடுத்தான். 'உள்ளேன் டீச்சர்'னேன். அதுக்குப் பிறகுதான் அடுத்த பேருக்குப் போனாங்க."

"வீட்டுக்கு வந்து ஒண்ணும் சொல்லலையா?"

"'அங்க நான் டீச்சர். இங்க ஆயிரம் தடவை அத்தைன்னு கூப்பிட்டுக்கோ'ன்னாங்க. தோசைக்குச் சீனி வச்சாங்க."

"நல்ல டீச்சர்."

"கடைசியில அவங்களுக்கு ஞாபகம் தப்பிருச்சு சாமி. எண்பத்தாறு வயசு. ஆனா காலையில ஒம்பதரை ஆனா நிமிந்து உக்காந்துருவாங்க. கட்டம் போட்ட போர்வை. கட்டத்துல விரலை வச்சு ஒவ்வொரு பேராக் கூப்பிடுவாங்க. எல்லாம் என்கூடப் படிச்ச பிள்ளைங்க. ஒரு பேர் விட மாட்டாங்க."

"உங்க பேரும் இருக்கும்."

"ஆறாவது பேரு. கஞ்சிக் கிண்ணத்தோட பக்கத்துலயே நிப்பேன். 'அத்தை, நான்தான். இங்கதான இருக்கேன், என்னைத் தெரியலையா'ம்பேன். என் முகத்தையே பாப்பாங்க. ரெண்டாந்தடவை கூப்பிடுவாங்க. நான் அழுவேன். 'ஆப்சென்ட்'னு சொல்லிட்டு விரலை அடுத்த கட்டத்துக்கு நகத்திருவாங்க. பதினோரு நாள் இப்படி. பன்னிரண்டாம் நாள் போயிட்டாங்க."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

"பதினாறாம் நாள் காரியத்துக்குச் செல்லையா வந்தான். 'நான் பாக்க வந்த அன்னைக்கு நீ மருந்து வாங்கப் போயிருந்தே. என் பேரைக் கூப்பிட்டாங்க. உள்ளேன் டீச்சர்னேன். என்னமாச் சிரிச்சாங்க தெரியுமா'ன்னான்."

ஆவுடையப்பன் கை கீரையிலேயே நின்றது.

"ரெண்டே வார்த்தை சாமி. பக்கத்துல நின்னும் எனக்குத் தோணலை. நான் வரவே இல்லைன்னு நினைச்சுக்கிட்டே போயிட்டாங்க. ராமேஸ்வரம் போனேன். காசிக்கும் போனேன். கங்கையில இடுப்பளவுத் தண்ணியில நின்னு 'உள்ளேன் டீச்சர்'னு சத்தமாவே சொன்னேன். பக்கத்துல முங்கிக்கிட்டிருந்தவன் தள்ளிப் போயிட்டான்."

அடுப்படியில் முப்பிடாதி சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். சாமியும் சிரித்தார்.

"சரி அண்ணாச்சி. ஒரு பிள்ளை வரலைன்னா உங்க அத்தை என்ன செய்வாங்க?"

"ஆப்சென்ட் போடுவாங்க."

"மறுநாள் வந்ததும் அடிப்பாங்களோ?"

"சேச்சே. அவங்க கையில கம்பே கிடையாது."

"முட்டி போட வைப்பாங்களோ?"

"அதுவும் கிடையாது."

"பின்ன அதை எதுக்கு எழுதி வைக்கணும்?"

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. மடத்துக்கு வந்த நான்கு மாதத்தில் அவர் சாமியிடம் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை.

"எதுக்கா? சாயங்காலம் யார் யார் வீட்டுக்குப் போகணும்னு தெரிய வேண்டாமா? மணி அடிச்சதும் குடையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிருவாங்க. பிள்ளைக்குக் காய்ச்சல்னா நெத்தியைத் தொட்டுப் பாப்பாங்க. ஆடு மேய்க்கப் போயிருந்தா, ஆடு திரும்புற வரைக்கும் வாசல்லயே நிப்பாங்க. அன்னைக்கு நடத்துன பாடத்தைச் சொல்லிக்கொடுத்துட்டுத்தான் வருவாங்க. மழைன்னாலும் போவாங்க. முப்பத்துநாலு வருசம் சாமி. ஆப்சென்ட் போட்ட ஒரு பிள்ளை வீட்டுக்காவது அவங்க போகாம..."

பாதியில் நிறுத்திவிட்டார்.

சாமி குச்சிகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். உருவிய இலையை முறத்தில் பரப்பினார். எந்த அவசரமும் காட்டவில்லை.

"நீங்களும் அத்தையும் இருந்த வீடு இப்ப எப்படி இருக்கு?"

"பூட்டிட்டு வந்துட்டேன்."

"சாவி?"

"இடுப்புலதான் இருக்கு."

"பிள்ளையைக் காணோம்னு டீச்சர் குடையைப் பிடிச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் நடந்து வாராங்க. வந்து பாத்தா வீடு பூட்டிக் கிடக்கு. அது நல்லாவா இருக்கு அண்ணாச்சி?" என்றார் சாமி.

ஆவுடையப்பன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஆவுடையண்ணாச்சி, கீரை ஆச்சா?" அடுப்படியிலிருந்து முப்பிடாதி கூப்பிட்டாள்.

அவர் எழவில்லை. முப்பிடாதி இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

"கொஞ்சம் பொறு தாயி, வாரேன்" என்றார் உட்கார்ந்தபடியே.