எதிரே உட்கார்ந்து படித்த கதை

கொல்லிமலை அடிவாரத்தில் தில்லையம்மையின் மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் ஓட்டு வீடு, ஒரு வேப்பமரம், நாலு கீரைப்பாத்தி. அங்கே இருந்த ஒரே சீடர் தருமலிங்கம், குருவைவிட வயதில் மூத்தவர். தலை முழுக்க நரைத்த மனுஷர், நாற்பது வயதுப் பெண்மணி முன்னால் கைகட்டி நிற்பதைப் பார்த்து ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரிக்கட்டுமே, அவருக்கென்ன!

தைப்பூசத்தன்று அவருக்குக் காவி கொடுப்பதாக முடிவாகியிருந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்பு, கீரை ஆய்ந்துகொண்டிருந்த குருவின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு ஆசை மட்டும் போக மாட்டேங்குது."

"பொண்ணா, பொன்னா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. ஒரு கதை."

அம்மை நிமிர்ந்து பார்த்தார். "கதையா?"

சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னார். சின்ன வயதில் படித்த சிறுகதை. கழுத்து மணியைத் தொலைத்துவிட்ட மாடு ஒன்று, வீடு வீடாகப் போய் என் மணியைப் பார்த்தீர்களா என்று கேட்கும். தையல்காரர் இல்லை என்பார். பூக்காரி இல்லை என்பாள். தேடித் தேடி இருட்டிவிடும். வீட்டுக்குத் திரும்பும் வழியும் மறந்துவிடும். அப்போது எங்கிருந்தோ மணிச் சத்தம் வரும். மாட்டை வளர்த்த பெண் வாசலில் நின்று, கண்டெடுத்த மணியை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுவாள். அவ்வளவுதான் கதை.

"அப்புறம் எவ்வளவோ படிச்சிட்டேம்மா. தலைகாணி மாதிரி புத்தகமெல்லாம் படிச்சேன். முடிச்ச மறுநாளே மறந்துடுது. இந்த நாலு பக்கக் கதை மட்டும் விட மாட்டேங்குது. தியானத்துல உட்கார்ந்தா மந்திரம் எங்கேயோ போயிடுது, மணிதான் கேக்குது. இன்னொரு தடவை படிச்சுட்டா அடங்கிடும்னு தோணுது."

"அப்போ படிச்சுட்டு வாங்க. அதுக்கென்ன இப்போ?"

நாமக்கல் போனார். கடையில் புத்தகம் கிடைத்தே விட்டது. பஸ்ஸிலேயே படித்து முடித்தார். மடத்துக்குள் நுழையும்போது முகம் கடுகடுவென்று இருந்தது.

"வெட்டிட்டாங்கம்மா! புதுப் பதிப்புல வெட்டிட்டாங்க, படுபாவிங்க!"

"எதை?"

"மணிச் சத்தத்தை! ணங், ணங், ணங்னு பக்கம் பூரா வரும். முதல்ல எங்கேயோ கேக்கும். அப்புறம் கிட்ட, இன்னும் கிட்ட. இதுல பாருங்க, 'மணி ஒலித்தது'. ஒரே வரி! இதை அச்சடிச்சவனுக்குக் குழந்தை குட்டியே கிடையாதா?"

அம்மை சிரிக்கவில்லை. "பழைய பதிப்பைத் தேடிப் பாருங்க."

தேடினார். நாமக்கல், ராசிபுரம் என்று பழைய புத்தகக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். கடைசியில் சேலத்தில், கட்டுக் கட்டாகக் கிடந்த பாடப்புத்தகங்களுக்கு அடியில் அது இருந்தது. அதே பச்சை அட்டை. அதே மாட்டுப் படம். நின்றபடியே புரட்டினார்.

'மணி ஒலித்தது.' அதிலும் அந்த ஒற்றை வரிதான்.

அதை வாங்கிக்கொண்டு மடத்துக்குத் திரும்பியவருக்குச் சோறு இறங்கவில்லை. கீரைக்குத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிய பாத்திக்கே மறுபடியும் ஊற்றினார். தைப்பூசத்துக்கு முந்தின நாள் அம்மையே கூப்பிட்டுக் கேட்டார்.

"கதை என்ன ஆச்சு?"

"அப்படி ஒரு கதையே இல்லம்மா. நானா ஏதோ நினைச்சுக்கிட்டிருக்கேன். இல்லாத ஒண்ணுக்கு ஆயுசு பூரா ஏங்கியிருக்கேன், பைத்தியக்காரன்." அவர் கண் கலங்கிவிட்டது. "காவியைக் கொடுத்துடுங்க. ஆசை விட்டுப்போச்சு."

"விட்டுப்போச்சா?"

அவர் தரையில் கிடந்த வேப்பிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"அது யாரோட புத்தகம்?"

"எங்க அக்கா பவளத்தோடது. பள்ளிக்கூடத்துல பரிசா கொடுத்தாங்க. அவதான் கையில வெச்சுப் படிப்பா. என்கிட்ட தரவே மாட்டா, கிழிச்சுடுவேனாம்."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"எதிர்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருப்பேன். பார்த்துப் பார்த்தே எழுத்தெல்லாம் வந்துடுச்சு. ஒண்ணாம் வகுப்புல புத்தகத்தைப் பிரிச்சுக் கடகடன்னு படிச்சேன். வாத்தியாரு அசந்துட்டாரு. கிட்ட வந்து பார்த்தவரு காதைப் பிடிச்சுத் திருகிட்டாரு."

"பாவம், ஏன்?"

"தலைகீழா வெச்சிருக்கேனாம். எனக்கு அதுதானே நேர்!" பல நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

அம்மை எழுந்துபோய்ப் பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்து வந்தார். அவர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, எழுத்து தன்னைப் பார்க்கும்படி பிரித்துப் பிடித்துக்கொண்டார்.

"இப்போ படிங்க."

"இந்த வயசுலயா? அதெல்லாம் எப்பவோ மறந்து போச்சும்மா."

"படிங்களேன், பார்ப்போம்."

முதல் வரியில் நாலு இடத்தில் தடுக்கினார். அடுத்த வரியில் தடுக்கவில்லை. தையல்காரர் வந்தார், போனார். பூக்காரி வந்தாள், போனாள். படிக்கப் படிக்கக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. இருட்டியது. மாடு வழி தெரியாமல் நின்றது. 'மணி ஒலித்தது' என்று படித்தார். வாய் அதோடு நிற்கவில்லை.

"ணங்," என்றார். "ணங். ணங்."

சொன்னவரே திடுக்கிட்டுப் போனார்.

"இது புத்தகத்துல இல்லம்மா. எப்பவுமே இல்லை. இது அக்கா. இந்த இடம் வந்ததும் அவ படிக்கிறதை நிறுத்திடுவா. மெதுவா ணங், ணங்னு ஆரம்பிப்பா. மாட்டுக்குக் கேக்காமப் போயிடுமோன்னு எனக்கு உயிரே போயிடும். கேட்டுடுச்சு, கேட்டுடுச்சுன்னு நான் கத்துற வரைக்கும் அவ நிறுத்தவே மாட்டா."

மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா இப்போ எங்கே?"

"முசிறியில. கல்யாணமே பண்ணிக்காம என்னைத்தான் வளர்த்தா. ஒரே வீட்லதான் இருந்தோம்."

"வந்த அன்னிக்கு, எனக்கு யாருமில்லைன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்." தலை குனிந்தது. "சாமியாராப் போறேன்னு சொன்னா அழுவா, விட மாட்டா. கடைவீதிக்குப் போறேன்னு கிளம்பி இங்கே வந்துட்டேன். மூணு வருஷமாச்சு. நான் இருக்கேனா செத்தேனான்னுகூட அவளுக்குத் தெரியாது."

வெளியே காவிச் சாயம் தோய்த்த துணி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு குருவைப் பார்த்தார்.

"நாளைக்குத் தைப்பூசம். காவியை வாங்கிக்கிட்டு, அப்புறமா ஒரு நடை போயி அவளைப் பார்த்துட்டு வந்துடட்டுமா?"

அம்மை புத்தகத்தை மூடி அவர் மடியில் வைத்தார்.

"நீங்க இன்னும் கேட்டுடுச்சுன்னு சொல்லலையே. அவங்க எப்படி நிறுத்துவாங்க?"