பதிமூணு பேரில் பதினாலு பேர்

தெற்கே ஒரு பல்கலைக்கழகம். பேரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், நமக்கு எதுக்கு வம்பு? அங்கே உளவியல் துறையில் மூணு பேர் எம்.எஸ்சி. படித்தார்கள். சோம்பேறிகள் இல்லை, வகுப்புக்கு மட்டம் போடுகிறவர்களும் இல்லை. சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் செய்கிற தங்கமான பிள்ளைகள். ஐயோ பாவம், அதுதான் அவர்களுக்கு வந்த வினை.

மூவரில் மூத்தவன் கோமதிநாயகம். 'உயர்நிலை ஆய்வு முறைகளும் புள்ளியியலும்' என்கிற பேப்பரில் ரெண்டு தடவை கோட்டை விட்டவன். அதனால் அனுபவசாலி என்று அவனையே தலைவனாக்கி இருந்தார்கள். கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மனநல ஆலோசகர் வேலை அவனுக்காகக் காத்திருந்தது. ஜூன் மூணாம் தேதிக்குள் பாஸ் ஆன சான்றிதழைக் காட்டினால் வேலை அவனுக்கு, இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு. அவன் அப்பா அதற்குள் வீட்டு வாசலில் 'எம்.எஸ்சி. உளவியல்' என்று போர்டு மாட்டிவிட்டார். தெருக்காரர்கள் தூக்கம் வரவில்லை என்று வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். பையனுக்கே தூக்கம் வரவில்லை, அவன் யாரிடம் போவான்?

அந்தப் பேப்பருக்கு எழுத்துப் பரீட்சை கிடையாது. மூணு பேர் சேர்ந்து ஒரு சோதனை நடத்தி, அறிக்கை எழுதி, வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளர் முன்னால் வைவாவில் நின்று பதில் சொல்ல வேண்டும். இவர்கள் எடுத்துக்கொண்ட சோதனை, வல்லாரை மாத்திரை சாப்பிட்டால் ஞாபகசக்தி கூடுமா என்பது. ஒரு குழுவுக்கு நிஜ வல்லாரை மாத்திரை. இன்னொரு குழுவுக்கு அதே நிறத்தில் போலி மாத்திரை. சப்பாத்தி மாவில் முருங்கைக்கீரைச் சாறு விட்டுப் போலியை உருட்டும் பொறுப்பு சாகுலுக்கு. மூணாவது ஆள் மரிய புஷ்பம். பேராசிரியை சௌபாக்கியம் மேடம் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதுகிறவள். மேடம் இருமினால் 'இருமல்' என்றும் எழுதி, பக்கத்தில் மணியைக் குறித்துக்கொள்வாள்.

சனிக்கிழமை காலையில் இருபது பேர் வந்தார்கள். பத்தொன்பது பேர் ஹாஸ்டல் பையன்கள், ஒருவர் கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி தவசி அண்ணாச்சி. கோமதிநாயகத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருபது பேர்! பாதிக் கிணறு தாண்டின மாதிரி இருந்தது.

புஷ்பம் நோட்டைப் பிரித்தாள். "பங்கேற்பாளர்கள் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்" என்று வாசித்தாள். யாரும் அசையவில்லை.

அஞ்சு நிமிஷம் கழித்து அவளுக்கே சந்தேகம் வந்தது. "நாயகம், நாம சொன்னது ஒன்பது மணிக்கு. இப்போ ஒன்பது அஞ்சு. இப்பவும் விலகலாம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எப்போ வேணும்னாலும்னுதான் சொல்லிட்டோமே," என்றான் சாகுல்.

"அதான் சொல்றேன். எப்போ வேணும்னாலும்னா எப்பவும் சொல்லிக்கிட்டே இருக்கணும்லா?"

மூவரும் யோசித்தார்கள். நியாயமாகத்தான் பட்டது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை புஷ்பம் எழுந்து, "நீங்கள் விலகலாம்" என்று அறிவித்தாள். ஆறாவது தடவை ஒரு பையன் எழுந்துவிட்டான். "போகச் சொல்றதை நேராச் சொல்லலாம்லா அக்கா? காலங்காத்தால வரவச்சு இப்படி விரட்டுதீங்களே!" அவன் பின்னாலேயே இன்னும் ஆறு பேர் கிளம்பிப் போனார்கள்.

மிச்சம் பன்னிரண்டு பையன்களும் தவசி அண்ணாச்சியும். கோமதிநாயகம் தலையில் கை வைத்தான். பதிமூணு பேரை எப்படி ரெண்டாகப் பிரிப்பது? அதிலும் புஷ்பத்தின் நோட்டில், ரெண்டு குழுவும் எல்லா வகையிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தது.

"பையனுகளை ஆறு ஆறாப் பிரிச்சிரலாம்," என்றான் சாகுல். "அண்ணாச்சிதான் இடிக்காரு. அவர் இந்தப் பக்கம் இருந்தா, அந்தப் பக்கம் ஐம்பத்தெட்டு வயசுல மீசை வச்ச ஆள் ஒருத்தர் வேணும்."

"அவரைப் போகச் சொல்லிருவோமா?"

"கட்டாயப்படுத்தக்கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க," என்றாள் புஷ்பம்.

கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றான். திறந்தபோது முகத்தில் ஒரு தெளிவு. "ஏல, அண்ணாச்சியை ரெண்டு குழுவிலும் போட்டுருவோம். அந்தப் பக்கம் ஏழு, இந்தப் பக்கம் ஏழு. ரெண்டு பக்கமும் ஐம்பத்தெட்டு வயசு, ரெண்டு பக்கமும் அதே மீசை!"

சாகுல் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பதிமூணு பேர் வந்து பதினாலு பேராகிவிட்டார்கள். மூவருக்கும் பெருமை பிடிபடவில்லை.

அடுத்தது மாத்திரை. யாருக்கு எந்த மாத்திரை போனது என்று சாப்பிடுகிறவனுக்கும் தெரியக்கூடாது, கொடுக்கிறவனுக்கும் தெரியக்கூடாது என்பது மேடம் உத்தரவு.

"எனக்குத் தெரியுமே," என்றான் கோமதிநாயகம் கவலையோடு. "இந்த டப்பாவில் இருக்கிறது நான் கடையில் வாங்கினது."

"எனக்கும் தெரியும். அந்த டப்பாவில் இருக்கிறது நான் உருட்டினது," என்றான் சாகுல்.

"எனக்குத் தெரியாம இருந்துச்சு," என்றாள் புஷ்பம். "இப்போ நீங்க ரெண்டு பேரும் சொல்லித் தொலைச்சுட்டீங்க."

கடைசியில் மெஸ்ஸிலிருந்து ஒரு பேசின் வாங்கிவந்து, ரெண்டு டப்பாவையும் அதில் கொட்டிக் கை விட்டுக் கலக்கினார்கள். பச்சை உருண்டைகள் ஒன்றோடு ஒன்று கலந்து கிடந்தன. கோமதிநாயகம் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தான். "இப்போ யாருக்கும் தெரியாது. மேடத்துக்கே தெரியாது!"

"ஆண்டவனுக்குத் தெரியுமே?" என்றான் சாகுல்.

"அவர் சோதனையில் இல்லை. எழுதிக்கோ புஷ்பம்."

ஆளுக்கு ஒரு மாத்திரை. அண்ணாச்சிக்கு ரெண்டு. கரும்பலகையில் இருபது வார்த்தைகளை எழுதிப் படிக்கச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் கழித்து அதை ஞாபகத்திலிருந்து எழுத வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்தில் முதல் குழுவில் ஒரு பையன் ஒன்றுக்குப் போக வேண்டும் என்றான். புஷ்பத்துக்குப் பகீரென்றது. இந்தக் குழுவில் ஒருவன் போனால் அந்தக் குழுவிலும் ஒருவன் போக வேண்டாமா? ரெண்டாவது குழுவில் போய்க் கெஞ்சினாள்.

"எனக்கு வரலைக்கா."

"தம்பி, அப்படிச் சொல்லாதே. அறிவியலுக்காக."

பையன் பெரிய மனசு பண்ணிப் போனான். பிறகு தவசி அண்ணாச்சிக்கு வந்தது. அவர் ரெண்டு குழுவிலும் இருந்ததால் ஒரு தடவை போய்த் திரும்பியவரை வாசலிலேயே மறித்து மறுபடி அனுப்பினார்கள். "என்ன கொடுமைலே இது!" என்று முனகிக்கொண்டே போனார் மனுஷன்.

எழுதுகிற நேரம் வந்தது. சாகுல் கரும்பலகையை அழிக்கப் போனான். புஷ்பம் பாய்ந்து கையைப் பிடித்தாள். "ஆரம்பம் முதல் கடைசி வரை அறையில் எதையும் மாத்தக்கூடாது. பதினெட்டாம் பக்கம்."

சாகுல் டஸ்டரைக் கீழே வைத்தான். பன்னிரண்டு பையன்களும் பலகையைப் பார்த்து இருபதுக்கு இருபது எழுதினார்கள். தவசி அண்ணாச்சி மட்டும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "எத்தனை பேரைப் பிட்டோடு பிடிச்சுக் கொடுத்திருக்கேன், நான் காப்பியடிப்பேனா?" முதல் குழுவுக்காக எழுதிய தாளில் மூணு வார்த்தை. ரெண்டாவது குழுவுக்காக எழுதியதில் நாலு.

கம்ப்யூட்டரில் போட்டுக் கணக்குப் பார்த்தார்கள். ரெண்டாவது குழுவின் சராசரி ஒரு துளி கூடுதல். ராப்பகலாக உட்கார்ந்து அறிக்கை எழுதினார்கள். நடந்ததில் ஒன்றையும் மறைக்கவில்லை, பேசினில் கொட்டிக் கலக்கியதையும் எழுதினார்கள். முடிவுரையில் கோமதிநாயகம் தன் கைப்பட இப்படி எழுதினான்: 'ரெண்டாம் குழுவில் இருந்த தவசி அண்ணாச்சி, முதல் குழுவில் இருந்த தவசி அண்ணாச்சியைவிடப் புத்திசாலி என்பது தெரிய வருகிறது. காரணம் என்ன மாத்திரை என்பது யாருக்கும் தெரியாது.'

வைவா நாள் வந்தது. தேர்வாளர் நடேசமூர்த்தி சிடுசிடுப்புக்குப் பேர் போனவர். அறிக்கையைப் புரட்டினார். பத்தாம் பக்கத்தில் மீசை துடித்தது. பதினாறாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றினார். முடிவுரைக்கு வந்ததும் மேஜையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பக்கத்தில் சௌபாக்கியம் மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார் தேர்வாளர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்த அண்ணாச்சி ஒரு தடவை ஒரு வார்த்தை கூடுதலா எழுதினார்னா அதுக்கு என்ன அர்த்தம்? ஒண்ணும் இல்லை. அது தற்செயல். ஒரு தடவை நடந்ததை வச்சு எதையும் நம்பக்கூடாது. முப்பது தடவையாவது பார்த்திருக்கணும்."

"சரிங்க சார்." புஷ்பம் எழுதிக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு. இந்த வருஷம் பன்னிரண்டு அறிக்கை பார்த்தேன். எல்லாம் கணக்கு இடிக்காத அழகான பொய். நடந்ததை நடந்தபடி எழுதின கோஷ்டி நீங்க மட்டும்தான். மூணு பேரும் பாஸ். போங்க."

கோமதிநாயகத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேலை! கோவில்பட்டி! அப்பா! வராந்தாவுக்கு வந்து சாகுலைக் கட்டிக்கொண்டு அழுதான். புஷ்பம் மட்டும் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாயகம், நாம பாஸ் ஆனது எத்தனை தடவை?"

"ஒரு தடவை."

"சார் இப்பத்தானே சொன்னார்?"

கோமதிநாயகத்தின் அழுகை அப்படியே நின்றது. முகம் வெளுத்துவிட்டது. ஒரு தடவை நடந்ததை எப்படி நம்புவது? நம்பாத பாஸை வைத்துக்கொண்டு எந்த மூஞ்சியோடு பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லப் போவது?

"இன்னும் இருபத்தொன்பது தடவை பாஸ் ஆகிப் பார்த்திரணும்," என்றான் தீர்மானமாக.

மூவரும் நேராகத் தேர்வுப் பிரிவுக்குப் போனார்கள். அங்கே இருந்த கிளார்க் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையை விரித்தார். "பாஸ் ஆன பேப்பரை மறுபடி எழுத முடியாது. ஃபெயில் ஆனவங்க மட்டும்தான் எழுதலாம், அதுதான் சட்டம்."

ஜன்னலோரம் நின்று மூவரும் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு கோமதிநாயகம் திரும்பி வந்து, கைகட்டி, மிகுந்த பணிவோடு கேட்டான்.

"சார், அப்போ எங்களுக்கு ஃபெயில் போட்டுக் கொடுங்க."

கிளார்க் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை?"

"ஆளுக்கு இருபத்தொன்பது போதும் சார்."