பூக்காத மாதங்கள்

உப்பளத்தில் முப்பது வருடம் உழைத்து ஓய்ந்தபின் வைத்தியம் படிக்க வந்தவர் இசக்கிமுத்து. வயது அறுபது. அவருக்குக் குருவாக வாய்த்த மருத்துவச்சி பிரம்மசக்திக்கு நாற்பத்தைந்துதான். மாணவரை அவர் "அண்ணாச்சி" என்றே கூப்பிடுவார்.

ஒரு நாள் காலை, பனையேறி ஒருவர் தன் மனைவியைக் காய்ச்சலோடு கட்டிலில் வைத்து, ஆள் துணையோடு தூக்கி வந்தார். அவளால் கண் திறக்க முடியவில்லை.

பிரம்மசக்தி நாடி பார்த்தார். தேரியின் செம்மணல் மேட்டில் நிற்கும் ஒரு செடியின் பெயரைச் சொன்னார். "ஒரு கை தழை வேணும்."

"நான் போறேன் அம்மா. நோட்டுல எழுதி வச்சிருக்கேன்" என்றார் இசக்கிமுத்து.

பச்சை மாறாத புதர், செம்மணல், ஊதாப்பூ. அவ்வளவுதான் எழுதியிருந்தார். கொதிக்கும் மணலில் கால் புதையப் புதைய நடந்தார். மதியம் தாண்டித் திரும்பியபோது, கையில் பூவும் தழையுமாக ஒரு கொத்து இருந்தது.

பிரம்மசக்தி ஓர் இலையைக் கசக்கிப் பார்த்தார். கொத்தை வாங்கிக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார்.

"இது இல்லை."

"ஊதாப்பூதானே அம்மா?"

"ஆமா."

பிரம்மசக்தி தேரிப் பக்கம் நடந்தார். கால் கடுக்க இசக்கிமுத்து பின்னால் போனார். ஒரு மேட்டின் சரிவில், பூவே இல்லாத ஒரு புதர்முன் பிரம்மசக்தி நின்றார். காலையில் இசக்கிமுத்து இரண்டு முறை கடந்துபோன புதர் அது.

கஷாயம் உள்ளே போனது. மூன்றாம் நாள் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து, தலை சீவ வேண்டும் என்றாள்.

அவர்கள் ஊருக்குப் போனபின் இசக்கிமுத்து கேட்டார்.

"எதை வச்சு அடையாளம் கண்டீங்க அம்மா? இலையா, வாசமா?"

பிரம்மசக்தி காலை நீட்டி உட்கார்ந்து பாதத்தில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"என் வீட்டுக்காரருக்கு நான்தான் மருந்து குடுத்தேன். பூவைப் பார்த்துப் பறிச்சேன். அன்னைக்கு நீங்க கொண்டாந்தீங்களே, அதே செடி."

இசக்கிமுத்து தலை குனிந்தார்.

"அவர் போய்ப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. மாசம் ஒரு தடவை அந்த மேட்டுக்குப் போய், சரியான செடி முன்னால உக்காந்து பார்த்துட்டு வாரேன்."

"பூக்குறது ஒரு மாசந்தானே அம்மா. மத்த மாசம் எதுக்கு?"

"பூக்காத மாசம் பதினொண்ணு இருக்கே, அண்ணாச்சி."